ஆக்சில் கழன்ற வியாழக்கிழமை

சுத்தியல் இரும்பில் விழும் சத்தத்தை வைத்தே, அடிக்கிறவன் கோபத்தில் அடிக்கிறானா, பயத்தில் அடிக்கிறானா என்று சொல்லிவிடலாம்... போன வாரம் வரைக்கும் நான் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

இப்போது நம்பவில்லை.

சம்பவம் நடந்தது என் தங்கை நஸீமாவின் வீட்டு முற்றத்தில். கற்பிட்டி போகும் வழியில் எத்தாளையைத் தாண்டி, தார் ரோட்டை விட்டு, உப்பங்கழியான களப்புப் பக்கம் இறங்கினால் ஒரு பாதை வரும். பாதை என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். கால் வைத்தால் கணுக்கால் வரை மணலில் புதையும். த்ரீவீலர் உள்ளே வராது. அம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும். அந்தப் பாதையின் கடைசியில்தான் அவளுடைய வீடு.

நஸீமாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய், மெசினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். எந்தச் சம்பவத்தையும் திகதி போட்டுச் சொல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இல்லை. அதைக் கேலி செய்து எழுதும் வாசகர்களும் இருக்கிறீர்கள். இந்த முறை திகதி வேண்டாம். கிழமைகள் போதும். அந்த வீட்டுக் கலண்டரில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தானே கிழமைகள்? மற்றவை எல்லாம் இடைவெளிகள்.

முதலில் அவள் தார் ரோடு வரை நடந்தாள். பிறகு நடக்க முடியாமல் போனது. நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கும். கால் வீங்கும். அப்போதுதான் அவளுடைய கணவன் ரிஸ்வான் ஒரு குவாட் பைக் கொண்டுவந்தான். கடற்கரை ஹோட்டல் ஒன்று வெள்ளைக்காரருக்கு ஓடக் கொடுத்து, ஓடித் தேய்ந்தபின் மூலையில் ஒதுக்கி வைத்திருந்தது. பருத்த டயர்கள். மணலில் ஆமை மாதிரிப் போகும். ஆனால் போகும்! சில்லு என்றால் சக்கரம்; ஊரில் அதற்கு நாலுசில்லு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நஸீமா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் ரிஸ்வானின் சேர்ட்டையும் மற்றக் கையால் தன் முந்தானையையும் பிடித்துக்கொண்டு தார் ரோடு வரை போவாள். அங்கே த்ரீவீலர் நிற்கும்.

ஆகவே, ஒரு மனுஷியின் உயிர் ஒரு பழைய பைக்கின் பின் ஆக்சிலில் ஓடிக்கொண்டிருந்தது. ஆக்சில் என்பது இரண்டு பின்சில்லுகளையும் சேர்த்துச் சுழற்றும் இரும்புத் தண்டு. சில்லு கண்ணுக்குத் தெரியும். என்ஜின் காதுக்குத் தெரியும். இந்தத் தண்டு ஒரு குழாய்க்குள் மறைந்து கிடக்கும். அதைப் பற்றி யார் நினைப்பார்?

ஞாயிற்றுக்கிழமை அது போனது. கடைக்குப் போன ரிஸ்வான் திரும்பி வரும்போது பின்பக்கத்தில் ஏதோ நொறுங்கும் சத்தம். பிறகு ஒரு சில்லு சாய்ந்து, வழி தவறிய நண்டு மாதிரிப் பைக் பக்கவாட்டில் இழுத்திருக்கிறது. பாதி வழியிலிருந்து அதைத் தள்ளிக்கொண்டே வந்தான். வந்தவன் முதலில் பார்த்தது பைக்கை அல்ல... நஸீமாவின் முகத்தை. நாளை மறுநாள் செவ்வாய்.

திங்கட்கிழமை நானும் போயிருந்தேன்; அன்ரன் வந்தான். ரிஸ்வானோடு ஒன்றாகக் கடலுக்குப் போன கத்தோலிக்கப் பொடியன். இப்போது பொடியன் இல்லை, தலை நரைத்துவிட்டது. படகு என்ஜின் பழுது பார்ப்பான். நாலுசில்லு கழற்றி அவனுக்குப் பழக்கம் இல்லை. ஆனால் இந்தக் காற்றுக் காலத்தில் வேறு யார் அகப்படுவார்? தென்மேற்குக் காற்று எழும்பினால் எங்கள் பக்கத்து ஆண்கள் வள்ளம், வலை, ட்ராக்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போய்விடுவார்கள். ரிஸ்வானின் வள்ளமும் அவனுடைய தம்பிமாரோடு போயிருந்தது. அவன் மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

அன்ரன் பைக்கை ஒருதரம் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

"மச்சான், முன்பக்கம் கலியாண வீடு, பின்பக்கம் செத்த வீடு மாதிரியெல்லோ இருக்கு! என்னடா செய்தனி?"

உண்மைதான். என்ஜின் பளபளவென்று இருந்தது. முன்பக்கத்தில் துரு என்று ஒரு பொட்டு இல்லை. பின்னால்... ஆக்சில், அதைச் சுற்றிய குழாய், சில்லைப் பிடித்திருக்கும் இரும்பு, எல்லாம் ஒரே கபில நிறக் கட்டி. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

"நான் ஒவ்வொரு நாளும் கழுவுறனே! நல்ல தண்ணியால, கிணத்துத் தண்ணியால!" என்றான் ரிஸ்வான்.

"எதைக் கழுவுறனி?"

"என்ஜினை."

"எங்க நிப்பாட்டுறனி?"

ரிஸ்வான் கையை நீட்டினான். களப்பின் கரையில், அவனுடைய வள்ளம் வழக்கமாக நிற்கும் இடம். இப்போது வெறுமையாகக் கிடந்தது. மூக்கைக் கரையில் ஏற்றி, பின்பக்கத்தைத் தண்ணீரோரம் விட்டு... வள்ளத்தை எப்படி நிறுத்துவானோ அப்படியேதான் பைக்கையும் நிறுத்தியிருக்கிறான். நீர் ஏறும் நேரமெல்லாம் உப்புத் தண்ணீர் வந்து பின்சில்லுகளை நக்கிவிட்டுப் போயிருக்கிறது.

அன்ரன் அந்த வெறுங்கரையை எட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "கயிறும் கட்டினியா?"

"ஓம்... முளையில கட்டினன்."

"நங்கூரம்?"

மூன்று பேரும் சிரித்தோம். வீட்டுக்குள்ளிருந்து நஸீமாவும் சிரித்தாள். "நானும் பார்த்துக்கொண்டுதானே ஈந்தன் நானா," என்றாள் அண்ணனான என்னிடம். "எனக்கும் அது சரியாத்தான் பட்டிச்சி. அந்த இடத்துல ஏதாவது ஒன்டு நிக்கத்தானே வேணும்."

யோசித்துப் பாருங்கள். கடலை விட்டு வந்தவன் கடலை எப்படி விடுவான்? நாம் புதிய பொருளை வாங்குகிறோம்; பழைய கையால் அதைப் பிடிக்கிறோம். வள்ளத்தில் என்ஜின்தான் உயிர், மற்றது மரம். உப்புத் தண்ணீர் மரத்தை ஒன்றும் செய்யாது. அந்த அறிவு பொய்யில்லை. பொருள்தான் மாறிவிட்டது.

வேலை தொடங்கியது. சில்லுகள் கழன்றன. ஒருபக்கத்து நட் கழன்றது. மறுபக்கத்து நட் நெடுநேரம் அழுதுவிட்டுக் கழன்றது. ஆனால் ஆக்சில்? அசையவில்லை. உள்ளே தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பெயரிங் உடைந்து, துருவோடு சேர்ந்து, தண்டைப் பல்லால் கடித்த மாதிரிப் பிடித்திருந்தது. டீசல் ஊற்றினார்கள். ஊற வைத்தார்கள். நான் என் பங்குக்கு அந்தப் பைக்கின் கையேட்டைப் போனில் தேடி எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். தண்ணீரில் இறக்கினால் ஒவ்வொரு தடவையும் பின் ஆக்சிலுக்கு கிரீஸ் போட வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது.

ரிஸ்வான் நிமிராமலே சொன்னான்: "நானா, அத இரும்புக்கு வாசிச்சுக் காட்டுங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன்.

செவ்வாய் விடிந்தது. ஆக்சில் அப்படியே இருந்தது.

நான் ஊருக்குள் போய், கடலுக்குப் போகாமல் கடைகளில் வேலை செய்யும் நான்கு பேரைக் கூட்டி வந்தேன். கைப்பிடி வைத்த ஒரு கதிரை. இரண்டு பக்கமும் கம்பு கட்டினால் தூக்கிப் போய்விடலாம். களப்பில் சின்னத் தோணி ஒன்றும் நின்றது. ஆனால் தோணிக்குப் போவதென்றாலும் சேற்றுக்குள்ளால் தூக்கித்தான் போக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் தூக்க வேண்டும்.

"புள்ள, இதுல இரி. ரோடு மட்டும் கொண்டுபோய் விடுறோம்."

"ஆரு தூக்குறது?"

"இவங்கதான். எல்லாம் தெரிஞ்ச ஆக்கள்."

"தெரிஞ்ச ஆம்புளையள்." அவள் நால்வரையும் பார்த்துச் சலாம் சொன்னாள். பிறகு என்னிடம், மெதுவாக: "நானா, என்னத் தூக்குறது ஒரு தரம்தான். அன்டைக்கு நான் வாய் தொறக்கமாட்டன்."

வந்தவர்கள் மணலைப் பார்த்தார்கள். ஒருவர் "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். இறந்தவரைச் சுமந்து தோளில் போகும் சந்தூக்கு எல்லோருடைய கண்ணுக்குள்ளும் ஒருதரம் போய் வந்தது. யார் அதற்குமேல் கதிரையைப் பிடிப்பார்?

அடுத்த வீட்டு மர்ழியா வந்தாள். கருவாடு காயப்போடுகிறவள், காற்றுக் காலத்தில் ஊரின் பாதி வேலை அவளுடைய குரலில்தான் நடக்கும்.

"ஆம்புளையள் வேணாண்டா நாங்க ஈக்கிறம்தானே! கருவாட்டுக் கூடை தூக்குற கை. நீ என்ன, ஒரு கூடை வருவியா?"

"ரெண்டு கூடை வருவன்," என்றாள் நஸீமா, வீங்கிய காலைக் காட்டி. "எல்லாம் தண்ணி."

"சரி, ரெண்டு கூடையாத் தூக்குறோம். வா."

"வேணாம் மர்ழியா. ரோட்டுல திரியிற கழுதை ஒன்டப் பிடிச்சிட்டு வாங்க. அதுல வாறன்."

பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால், ஆண்கள் தூக்குவது கூடாது என்ற காரணம் அத்தோடு முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் அவள் வேண்டாம் என்கிறாள்!

அறைக்குள் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பைக் தலைகீழாக நின்றது. அன்ரனும் ரிஸ்வானும் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார்கள்.

"என்ன இது, சின்னப்புள்ள மாதிரி?" என்றேன்.

"நானா... அது கழராட்டி நல்லம்."

"எது?"

"அந்தத் தண்டு. கழராம ஈந்தா நான் வேணாண்டு சொன்னதாப் போகாது. அல்லாஹ்ட நாட்டம்னு ஆகிரும். அவருக்கும் மனசு நோகாது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பைத்தியக்காரக் கதை கதைக்காத" என்றேன். அந்த இடத்தில் நாம் எல்லோரும் சொல்லும் வசனம் அதுதான். சொல்வதற்கு லேசானது, கேட்கிறவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லாதது.

அப்போதுதான் சுத்தியல் விழத் தொடங்கியது.

அது வேலை செய்கிறவனின் சுத்தியல் அல்ல. இடைவெளி இல்லை. அளவு இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நட்டைப் போட்டுட்டு அடி! டேய், நட்டைப் போட்டுட்டு அடிடா!" என்று அன்ரன் கத்துவது இடையில் கேட்டது. அடி நிற்கவில்லை. நான் வெளியே ஓடி வரும்போது ரிஸ்வான் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தான். ஆக்சிலின் நுனி மலர்ந்து போயிருந்தது. நுனியில் நட்டைப் பூட்டிவிட்டு அடித்தால் அடியை நட் வாங்கிக்கொள்ளும். வெறும் நுனியில் அடித்தால் இரும்பு தட்டையாக விரிந்துவிடும்.

"காளான் முளைச்சிட்டு," என்றான் அன்ரன். "இனி இது இந்தப் பக்கத்தாலயும் வராது."

பயம் மனிதனை என்ன பாடுபடுத்துகிறது என்று நான் அப்போது எண்ணிக்கொண்டேன். தப்பாக எண்ணிக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய் அப்படியே போனது.

அவளைப் பலவந்தமாகத் தூக்கியிருக்க வேண்டாமா என்று சில வாசகர்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை நான் பாலாவிக்குப் போனேன். நுனி மலர்ந்த தண்டைத் திரும்பப் போட முடியாது, வேறொன்று வேண்டும். லொறிகளின் பழைய பாகங்கள் விற்கும் ஒரு கடையின் பின்வளவில், அதே ஹோட்டலிலிருந்து வந்த இன்னொரு நாலுசில்லின் எலும்புக்கூடு கிடந்தது. முதலாளி நான் கொண்டுபோன அளவுகளைச் சிங்களத்தில் கேட்டு, தமிழில் சந்தேகப்பட்டு, கடைசியில் ஆக்சிலையும் இரண்டு பெயரிங்கையும் கழற்றிக் கொடுத்தார். அங்கே அது எவ்வளவு லேசாகக் கழன்றது! உப்பு காணாத இரும்பு.

பஸ்ஸில் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர், "என்ன தம்பி, கர்ட்டின் கம்பியா?" என்றார்.

"இல்லை ஹாஜியார். தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்கு."

அவர் கம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு நான் இறங்கும் வரை என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நஸீமாவின் முகம் மாறியிருந்தது. கண்ணிமைகள் பருத்திருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. ஆகவே உட்கார்ந்தே இருந்தாள். தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது; மர்ழியா வீட்டு ஐஸ் துண்டு ஒன்றை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சிக்கொண்டிருந்தாள். களப்பும் கடலும் இரண்டு பக்கமும் கிடக்க, நடுவில் ஒருத்தி ஒரு துண்டு ஐஸை மிச்சம் பிடிக்கிறாள். இந்த நோய் வந்த நாள் முதல் அதைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசித்திருக்கிறேன். உப்பு, பொட்டாசியம், இரத்த அழுத்தம், எல்லாம் இருக்கிறது. களைப்பு என்று ஓர் அத்தியாயத்தை யாரும் எழுதவில்லை.

"கிடைச்சிதா?" என்றாள்.

"ஓம்."

"நல்ல சாமானா?"

"நல்ல சாமான்."

"ம்."

அந்த "ம்" எந்த வகை என்று எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி வெளியே போய்விட்டேன்.

வியாழக்கிழமை. அன்ரன் கிரைண்டரால் மலர்ந்த நுனியை அறுத்து எறிந்து, மிச்சமிருந்த மரையில் நட்டைப் பூட்டினான். காஸ் சிலிண்டர் கொண்டுவந்து, குழாயைச் சுற்றி நெருப்பால் சூடு காட்டினான். பழைய கிரீஸ் எரிந்து, மீன் கருகிய மாதிரி ஒரு நாற்றம். அடித்தார்கள். ஓர் இழை நகர்ந்தது. திரும்ப நின்றது.

"இழுக்கோணும்," என்றான் அன்ரன். "இங்க அடிக்க, அங்க இழுக்கோணும். ஆள் காணாது."

"ஆள் காணாதா?" என்றாள் வேலியோரம் நின்ற மர்ழியா. "அப்ப நாங்க ஆரு, வேலிக் கம்பா?"

பைக்கைத் தென்னையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். வள்ளம் இழுக்கும் கப்பி ஒன்று கிடந்தது. ஆக்சிலின் மறுநுனியில் கயிறு பூட்டி, கப்பியால் எடுத்து, கரைவலை இழுப்பது மாதிரி வரிசையாக நின்றார்கள். வீடுகளில் இருந்த பெண்கள், கடலுக்குப் போக ஏலாத இரண்டு கிழவர்கள், நான். குதிக்கால்களை மணலில் ஊன்றிக்கொண்டோம். மர்ழியா குரல் கொடுத்தாள். அந்தக் குரலுக்கு நாங்கள் சாய்ந்தோம். நாங்கள் சாயும்போதெல்லாம் ரிஸ்வானின் சுத்தியல் விழுந்தது, இந்த முறை நட் பூட்டிய நுனியில், அளவாக.

நெருப்பு. குரல். இழுவை. அடி. எத்தனை தரம் என்று தெரியவில்லை. உள்ளங்கை எரிந்தது. கிழவர்களில் ஒருவர், "சுறா புடிக்கிற மாதிரி ஈக்கிதே... மீனில்லாத சுறா!" என்றார். யாருக்கும் சிரிக்க மூச்சில்லை.

திடீரென்று ஒரு சத்தம்... துப்பாக்கி வெடித்த மாதிரி. கயிறு தளர்ந்தது. வரிசை முழுக்க ஒருவர்மேல் ஒருவராக மணலில் விழுந்தோம். எங்கள் காலடியில் அந்தத் தண்டு புகைந்துகொண்டு கிடந்தது, கறுத்து, வளைந்து.

ஆரவாரம்! பெண்கள் தலையில் மணலோடு எழும்பிச் சிரித்தார்கள். அன்ரன் சிலுவை போட்டுக்கொண்டான். ரிஸ்வான் "அல்ஹம்துலில்லாஹ்" என்று தரையில் உட்கார்ந்தான். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தோம், அவளுடைய சந்தோஷத்தைப் பார்ப்பதற்கு.

நஸீமா அழுதுகொண்டிருந்தாள்.

"பாவம், சந்தோஷத்துல அழுகுறா," என்றாள் மர்ழியா.

நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

புதிய ஆக்சிலுக்கு ஓர் அங்குலம் விடாமல் கிரீஸ் பூசினார்கள். அது கையாலேயே உள்ளே போனது, வெண்ணெய்க்குள் கத்தி மாதிரி. இவ்வளவுதானா என்று இருந்தது. சில்லுகள் பூட்டி, செயினைக் கொளுவி, பொழுது சாய்வதற்குள் நாலுசில்லு முற்றத்தைச் சுற்றி வந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ரிஸ்வான் அவளைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தான். அவள் மறுக்கவில்லை. மறுக்கச் சக்தி இல்லை. விழாமல் இருக்க மர்ழியா ஒரு துண்டால் அவளை ரிஸ்வானோடு சேர்த்துக் கட்டினாள். நான் பின்னால் நடந்தேன். ஒரு சாமானை ஏற்றுவது போல ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஏற்றிவிட்டோம் என்ற ஆறுதல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் தாதி ஒருவர், "செவ்வாய்க்கிழமை ஏன் வரல்ல?" என்று கேட்டார்.

"ஆக்சில் போச்சு, மிஸ்," என்றான் ரிஸ்வான்.

அவர் நஸீமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் கட்டிலைக் காட்டினார். மெசின் ஓடத் தொடங்கியது. எங்களை வெளியே அனுப்பினார்கள். நடைபாதை வாங்கில் உட்கார்ந்தோம். ஜும்ஆவுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அவ சொன்னது எனக்குக் கேட்டது நானா," என்றான் ரிஸ்வான் திடீரென்று.

"எது?"

"கழராட்டி நல்லம்னு. ஜன்னலுக்கு வெளியிலதானே நான் ஈந்தன்."

நான் அவன் பக்கம் திரும்பினேன். "அப்ப அந்த அடி... நட்டைக் கூடப் போடாம..."

"அடிச்சா கேக்காதுதானே." அவன் தன் கைகளைப் பார்த்தான், கொப்புளம் உடைந்திருந்தது. "அவ இன்னும் ஏதாவது சொல்லிருவாளோண்டு ஈந்திச்சி. அதான் சத்தம் போட்டுக்கொண்டே ஈந்தன்."

கோபமுமில்லை, நான் நினைத்த பயமுமில்லை. மனைவியின் அடுத்த வசனம் காதில் விழாமல் இருக்க ஒருவன் இரும்பை அடித்திருக்கிறான். ஊர் முழுக்கக் கேட்ட சத்தம் அது. ஒருவருக்கும் கேட்கவில்லை.

அன்றிரவு அவளை வார்ட்டில் மறித்துத் தங்கவைத்துவிட்டார்கள். அதற்கு முன், மாலையில் எங்களை உள்ளே விட்டபோது முகத்தில் வீக்கம் இறங்கியிருந்தது. குரலும் திரும்பியிருந்தது. பழைய கூர்மையோடு.

"ரெண்டு பேரிட்டயும் ஒன்டு கேக்கவா? அன்ரன்ட்ட கேட்டீங்க, எப்ப கழரும்னு. பாலாவிக் கடைக்காரன்ட்ட கேட்டீங்க, அளவு சரிவருமான்னு. என்னட்ட ஆரு என்ன கேட்டது?"

"உன்னட்ட என்னத்தக் கேக்க?" என்றான் ரிஸ்வான்.

"போவமா, வேணாமான்னு."

அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "கேட்டா நீ வேணாண்டு சொல்லிருவாய்."

"சொல்லுவன். சொல்லாமலும் ஈப்பன். ஆனா கேளுங்க. கேட்டா நான் மனுசி. கேக்காம ஏத்தினா நான் பொட்டி."

"வேணாண்டு சொன்னா... நான் என்ன செய்ய?"

"அன்டைக்கு என்னோட வீட்டுல இருங்க."

நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சில கதைகளுக்கு மூன்றாவது ஆள் கூடாது.

அந்த வாரம் முழுக்க நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஊற்றினோம், அடித்தோம், அறுத்தோம், எரித்தோம், இழுத்தோம். ஓர் ஊரே இழுத்தது. ஆனால் இரும்போடு மல்லுக்கட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது, கவனித்தீர்களா? அது என்ன நினைக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. நோயாளி இருக்கும் வீடுகளில் நாம் இவ்வளவு ஓடித் திரிவது எதற்காக? மருந்துக்கு ஓடுகிறோம், வண்டிக்கு ஓடுகிறோம், ஆளுக்கு ஓடுகிறோம்... கட்டிலோரம் உட்கார்ந்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டி வரும். அதற்குத்தான் ஓடுகிறோமோ?

தெரியவில்லை. எனக்கு ஒரு வீட்டைத்தான் தெரியும்.

நேற்றுச் செவ்வாய். நான் விடியவே போய்விட்டேன். நாலுசில்லு முற்றத்தில் நின்றது. ரிஸ்வான் சேர்ட் மாற்றி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வழக்கமாக அவன் என்ஜினை ஸ்டார்ட் செய்வான். அந்தச் சத்தம் கேட்டு அவள் வெளியே வருவாள். நேற்று அவன் ஸ்டார்ட் செய்யவில்லை. வாசலில் போய் நின்றான். தொண்டையைச் செருமினான். பெண் கேட்க வந்தவன் மாதிரி நின்றான்.

"நஸீமா... இன்டைக்குப் போவமா?"

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு களப்பைப் பார்த்தாள். காற்று ஓலையை இழுத்து அடித்துக்கொண்டிருந்தது. அவள் யோசித்தாள். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தாள். ரிஸ்வான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை, ஒரு சத்தமும் போடவில்லை.

"என்ட செருப்பு எங்க?" என்றாள்.

இதை எழுதும் இன்று புதன். நாளை மறுநாள் திரும்பக் கேட்க வேண்டும்.